சர்ஜன்களுக்கு கோச்சிங்னு ஆரம்பிக்குறாங்க, பேர் கொடுக்கலாமா? போனவங்க சொல்லுங்க

தையல்நூல் எழுதியது:

வணக்கம். நான் குடல் சர்ஜரி பண்றவ, கன்சல்டன்ட் ஆகி சில வருஷம் ஆச்சு. எங்க ஆஸ்பத்திரியில சர்ஜன்களுக்குன்னு வெளியில இருந்து ஒரு புரொஃபஷனல் கோச் ஏற்பாடு பண்றாங்க. மாசம் ஒரு தடவை தனியா உக்காந்து பேசணும், ஆறு மாசம் ஓடும், இஷ்டப்பட்டவங்க பேர் கொடுக்கலாம்னு மெயில் வந்துருக்கு. கொடுக்கலாமா வேணாமான்னு மண்டைய குடைஞ்சிட்டு இருக்கேன், அதான் இங்க கேக்குறேன்.

என் நிலைமைய சொல்லிடுறேன், பதில் சொல்றவங்களுக்கு வசதியா இருக்கும். எனக்கு டிப்ரஷன் மாதிரி எல்லாம் தெரியல, தூங்குறேன், சாப்பிடுறேன், தியேட்டருக்குள்ள போனா கை தன்னால வேலை செய்யுது. ஆனா முன்ன மாதிரி இல்ல. பெரிய கேஸ் ஒண்ணு நல்லபடியா முடிஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒண்ணும் தோண மாட்டேங்குது, அடுத்த பேஷன்ட்ட உள்ள எடுத்தாச்சான்னுதான் கேக்குறேன். ரவுண்ட்ஸ்ல பேஷன்ட்டோட வீட்டுக்காரங்க ரெண்டாவது கேள்வி கேட்டாலே எரிச்சல் வருது, நான் அப்படிப்பட்ட ஆளே கிடையாது.

எல்லாத்தையும் விட மோசம் லீக் ஆகுற கேஸ்தான். குடல ஜாயின் பண்ணின இடம் எவ்வளவு பாத்து பாத்து தைச்சாலும் ஒரு சிலருக்கு விடத்தான் செய்யும்னு இங்க இருக்குற சர்ஜன்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது நாள் "மேடம் பல்ஸ் ஏறிட்டே இருக்கு, வயிறு உப்பலா இருக்கு"ன்னு வார்டுல இருந்து ஒரு ஃபோன் வந்துச்சுன்னா அந்த நிமிஷத்துல இருந்து அந்த பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் என் தலைக்குள்ள வேற எதுவும் ஓடாது, வீட்டுல பொண்ணு எதிர்ல உக்காந்து ஸ்கூல் கதை சொல்லிட்டு இருப்பா, நான் தலையாட்டிட்டே, வயித்துல இருந்து நீர் வெளிய வர வச்ச டிரெயின் ட்யூப்ல இப்ப என்ன கலர்ல வருதோன்னு நினைச்சிட்டு இருப்பேன், அவளும் கண்டுபிடிச்சிட்டு பாதியிலயே எழுந்து போயிடுவா.

என் சந்தேகம் என்னன்னா, இது கவுன்சிலிங்தானா இல்ல வேறயா? சர்ஜரியே தெரியாத ஒருத்தர்கிட்ட லீக் பத்தி என்னத்த பேசுறது? நிஜமாவே பலன் இருக்கா? அப்புறம் எங்க யூனிட் சீனியர் ஒருத்தர் "பேர் கொடுத்தீன்னா உன்னால தாக்குப் பிடிக்க முடியலன்னு நாளைக்கே பேசுவாங்க"ன்னு சொல்லிட்டு போனார். அது மனசுல உறுத்திட்டே இருக்கு.


பழைய சர்ஜன் எழுதியது:

தையல்நூல், தாராளமா பேர் கொடுங்க. நான் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ரெண்டு விஷயத்த பிரிச்சுக்கணும். ஆபரேஷன் பண்ற கைத்திறமைக்கு கோச் வச்சுக்குறது ஒண்ணு. அதுல் கவாண்டேன்னு எழுத்தாளராவும் இருக்குற அமெரிக்க சர்ஜன் 2011ல இத பத்தி எழுதினார், ரிட்டயர் ஆன தன்னோட பழைய ஆசிரியரையே தியேட்டருக்கு கூப்பிட்டு நிக்க வச்சு பாக்க சொன்னாராம், அவர் கவனிச்சு சொன்னதுல ஒண்ணு, லைட்டு காயத்து மேல இருந்து நகர்ந்து போய் ரொம்ப நேரம் ஆகியும் ஆபரேஷன் பண்றவருக்கு அது தெரியவே இல்லங்கறது. அது வேற. உங்க ஆஸ்பத்திரி சொல்றது அது இல்ல. இதுல கோச் தியேட்டருக்குள்ள வரவே மாட்டார், உங்க வேலையும் உங்க வாழ்க்கையும் எப்படி ஓடிட்டு இருக்குன்னு உங்களையே உக்காந்து யோசிக்க வைப்பார், அவ்வளவுதான். அவருக்கு சர்ஜரி தெரியாததும் நல்லதுக்குத்தான். தெரிஞ்ச ஆளா இருந்தா "ஸ்டேப்ளர் போட்டியா, கையால தைச்சியா"ன்னு உடனே டெக்னிக்குக்குள்ள போயிடுவோம், நமக்கும் அங்க ஒளிஞ்சுக்கறது சுலபம்.

என் விஷயத்துல நடந்தத சொல்றேன். நான் போய் உக்காந்ததும் சொன்ன குறை, ராத்திரி ஃபோன் நிக்கவே மாட்டேங்குதுன்னு. கோச் ஒரு அறிவுரையும் சொல்லல. "அடுத்த தடவை வரதுக்குள்ள எந்த ஃபோன் எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் எழுதிட்டு வாங்க"ன்னாங்க. எழுதினேன். பாத்தா பாதிக்கு மேல என்கிட்ட கேக்கவே தேவையில்லாத கேள்வி, டிரெயின் ட்யூப எப்ப எடுக்கலாம், தண்ணி கொடுக்கலாமா, பழைய பிபி மாத்திரைய ஆரம்பிக்கலாமா, இந்த மாதிரி. இன்னொரு விஷயமும் அந்த பேப்பர்ல தெரிஞ்சுது, கணிசமான ஃபோன் வார்டுல இருந்து வந்தது இல்ல, நானே வார்டுக்கு பண்ணினது. "கூப்பிட்டு என்ன தெரிஞ்சுக்கணும்னு நினைக்குறீங்க?"ன்னு கோச் கேட்டப்ப எனக்கு பட்டுனு பதில் வரல. யோசிச்சா, புதுசா எந்த தகவலும் எனக்கு வேண்டியதில்ல, ஒண்ணும் ஆகலன்னு யாராவது சொல்லணும், அதுக்காகத்தான் கூப்பிட்டுட்டு இருந்துருக்கேன்.

அதுக்கு அப்புறம் சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ரெசிடெண்ட் கூட ஒவ்வொரு பெட் பக்கத்துலயும் நின்னு, இவருக்கு இன்னிக்கு ராத்திரி என்ன எதிர்பாக்கலாம், எது நடந்தா நீயே பாத்துக்க, எது நடந்தா மணி என்னவா இருந்தாலும் என்னை எழுப்புன்னு வாய்விட்டு சொல்லிட்டு வர ஆரம்பிச்சேன். பல்ஸ் இவ்வளவுக்கு மேல போனா கூப்பிடு, யூரின் இவ்வளவுக்கு கீழ போனா கூப்பிடுன்னு நம்பரோட. இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல, நமக்கு படிக்கும்போதே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனா நின்னு யோசிக்க நேரமே இல்லாம ஓடிட்டு இருந்த எனக்கு அத திரும்ப பண்ணத் தோணினது அங்க உக்காந்தப்பதான். ராத்திரி ஃபோன் குறைஞ்சுது, முக்கியமா நான் பண்றது குறைஞ்சுது.

பலன் இருக்கான்னு கேட்டீங்க. சர்ஜன்கள மட்டும் வச்சே அமெரிக்காவுல ஒரு ட்ரயல் பண்ணி 2023ல வெளியிட்டாங்க, 80 பேர், மாசம் ஒரு செஷன்னு ஆறு செஷன், உங்க ஆஸ்பத்திரி பிளானும் அத பாத்து போட்டதாத்தான் இருக்கும்னு தோணுது. கோச்சிங் போனவங்க பக்கம் பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்துல ஆளே வெறுத்துக் களைச்சுப் போறது, கொஞ்சம் இறங்கிச்சு, போகாதவங்க பக்கம் கொஞ்சம் ஏறிச்சு. வித்தியாசம் பெருசு இல்ல, அத மறைக்க வேண்டியதில்ல. கோச்சிங் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு பாத்தா பர்ன்அவுட் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துருச்சு, ஆனா அடி விழுந்தா எழுந்து நிக்குற தெம்பு இருக்கு பாருங்க, அதுக்கான ஸ்கோர் மட்டும் தொடர்ந்து ஏறிட்டுதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி 2019ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரி டாக்டர்கள் 88 பேர வச்சு ஒண்ணு பண்ணினாங்க, அவங்க சர்ஜன்கள் இல்ல, மெடிசின், குழந்தைகள் பிரிவு மாதிரி ஆளுங்க, மொத்தமே மூன்றரை மணி நேர கோச்சிங்தான், அதுல வேலையால மனசு களைச்சுப் போறது நல்லாவே இறங்கிச்சு. ஆனா நீங்க சொன்னீங்களே, பேஷன்ட் ஆளுங்க மேல எரிச்சல், ஒட்டாத மாதிரி இருக்குறது, அந்த பகுதியில சொல்லிக்கற மாதிரி மாற்றம் வரல. அதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு போங்க.

சீனியர் சொன்னத விட்டுத்தள்ளுங்க. அவரும் ஒரு காலத்துல யார்கிட்டயாவது பேசியிருந்தா இப்படி சொல்லியிருக்க மாட்டார்.


மூணாம்வருஷ பிஜி எழுதியது:

சார், மேடம், மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாத்தி பேசுறேன். எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு மெயில் வந்துச்சு, அத படிச்சப்ப நான் ஆன்-கால் முடிஞ்சு இன்னும் தூங்கல. எனக்கு கோபம்தான் வந்துச்சு. ஆள் பத்தல, ரோஸ்டர் சரியில்ல, தியேட்டர்ல எல்லார் முன்னாடியும் திட்டுவாங்க, இத எதையும் தொட மாட்டாங்க, ஆனா "நீ எப்படி யோசிக்குறன்னு மாத்திக்க"ன்னு ஒரு ஆள அனுப்புவாங்க. அப்ப தப்பு எங்க மேலன்னு ஆகுதுல்ல?

இது என் சொந்த கோபம் மட்டும் இல்ல. 2019ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல அமெரிக்க சர்ஜரி ரெசிடெண்ட்கள் 7,409 பேர்கிட்ட எடுத்த சர்வே வந்துச்சு, 38.5 சதவீதம் பேருக்கு வாரம் ஒரு தடவையாவது பர்ன்அவுட் அறிகுறி. பெண்களுக்கு ஆண்கள விட அதிகமா இருந்துச்சு. ஆனா திட்டு, பாலியல் தொந்தரவு, பாகுபாடுன்னு வேலை இடத்துல நடந்த கொடுமைய எல்லாம் கணக்குல எடுத்து பாத்தா அந்த ஆண் பெண் வித்தியாசமே காணாம போயிடுச்சு. பெண்கள் பலவீனமா இருந்ததால இல்ல, அவங்கள நடத்தின விதத்தாலதான் அது வந்துருக்கு. அங்க கோச் என்ன பண்ணுவார்? யார் திட்டுறாங்களோ அவங்களுக்கு முதல்ல கோச் வைங்கன்னுதான் நான் சொல்லுவேன்.


பழைய சர்ஜன் எழுதியது:

தம்பி, நீங்க சொல்றதுல எனக்கு மறுப்பே இல்ல. ரோஸ்டர சரி பண்றதுக்கு பதிலா கோச்சிங்க காட்டுற ஆஸ்பத்திரி இருந்தா அங்க சத்தம் போடணும், என்னை மாதிரி சீனியர்தான் போடணும், உங்க மேல அந்த பாரத்த விடக்கூடாது. உலக சுகாதார நிறுவனமே 2019ல பர்ன்அவுட்ட நோய்னு போடல, சரியா கையாளப்படாத வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னுதான் போட்டாங்க.

ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. கோச்சிங் போன பிறகுதான் எனக்கு எது என் கையில இருக்கு, எது மேனேஜ்மென்ட் கையில இருக்குன்னு தெளிவாச்சு. அதுவரைக்கும் எல்லாமே என் பிரச்சனைன்னு நான் சுமந்துட்டு இருந்தேன். எமர்ஜென்சி தியேட்டருக்கு ராத்திரி ரெண்டாவது ஆள் வேணும்னு டிபார்ட்மென்ட் மீட்டிங்ல எழுந்து கேட்டது அதுக்கு அப்புறம்தான். உங்கள மாதிரி ரெசிடெண்ட்களுக்கும் இது வேலை செஞ்சுருக்கு, 2023ல அமெரிக்காவுல 26 இடத்துல 1,017 பெண் டிரெயினிகளுக்கு ஆன்லைன்ல குரூப்பா நாலு மாசம் கோச்சிங் கொடுத்து பாத்தாங்க, பர்ன்அவுட் குறைஞ்சுது, "நான் இந்த இடத்துக்கு லாயக்கு இல்ல"ங்கற நினைப்பும் குறைஞ்சுது. ரோஸ்டரும் வேணும், இதுவும் வேணும். முதல்ல போய் தூங்குங்க தம்பி.


மயக்க டாக்டர் அக்கா எழுதியது:

தையல்நூல் மா, திரைக்கு இந்தப் பக்கம் நிக்குற ஆள் நான், அதனால நீங்க பாக்காத ஒண்ண நான் பாக்குறேன். ஒரு கேஸ் மோசமா போன அன்னிக்கு சர்ஜன் என்ன பண்றாங்க தெரியுமா? கிளவுஸ கழட்டிட்டு நோட்ஸ் எழுதுறாங்க, வெளிய போய் வீட்டுக்காரங்ககிட்ட பேசுறாங்க, திரும்ப வந்து கைய கழுவிட்டு அடுத்த கேஸுக்கு நிக்குறாங்க. நடுவுல யாரும் "நீங்க ஓகேவா"ன்னு கேக்குறதில்ல, நாங்களும் கேக்குறதில்ல, ஏன்னா லிஸ்ட் முடியணும். கை கழுவுற இடத்துல வழக்கத்த விட கொஞ்சம் அதிக நேரம் தண்ணி ஓடுறது மட்டும் எனக்கு கேக்கும்.

ஆல்பர்ட் வூங்கற டாக்டர் 2000ல எழுதினார், தப்பு நடந்தா பேஷன்ட்தான் முதல்ல பாதிக்கப்படுறது, ரெண்டாவதா பாதிக்கப்படுறது அந்த டாக்டர்னு. உங்க லீக் கேஸ்ல தப்புன்னு எதுவும் இல்லாம கூட இருக்கலாம், ஆனா நீங்க படுற பாடு அதே பாடுதான். சிக்கலான கேஸ், இறந்த கேஸ் எல்லாம் அலசுற எம் அண்ட் எம் மீட்டிங்ல ஸ்லைடு போட்டு ரத்தம் எவ்வளவு போச்சு, ஆல்புமின் எவ்வளவு இருந்துச்சுன்னு எல்லாம் பேசுவாங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க எப்படி இருந்தீங்கன்னு பேச அங்க இடம் கிடையாது. அந்த இடம் எங்கயாவது ஒண்ணு வேணும், கோச்சா இருந்தா என்ன, நண்பரா இருந்தா என்ன.

பொண்ணு பாதியில எழுந்து போறான்னு எழுதினீங்களே, அத முதல் செஷன்லயே சொல்லுங்க. லீக் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.


மனநல மருத்துவர் ஒருவர் எழுதியது:

நல்ல விவாதம். என் துறையில இருந்து சில விஷயம் சொல்லியே ஆகணும்.

கோச்சிங் கவுன்சிலிங் இல்ல, சிகிச்சையும் இல்ல. தூக்கம் போயிடுச்சு, எதுலயும் பிடிப்பு இல்ல, குடி கூடிட்டு போகுது, செத்துப் போயிடலாமான்னு நினைப்பு வருதுன்னா அது கோச்கிட்ட பேசுற விஷயம் இல்ல, எங்ககிட்ட வரணும், உடனே வரணும். நல்ல கோச்சுக்கு அந்த எல்லை தெரியும், அவரே அனுப்பி வைப்பார். இது ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அமெரிக்க சர்ஜன்கள் 7,905 பேர்கிட்ட எடுத்த சர்வே 2011ல வந்துச்சு, அதுல 6.3 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ஒரு வருஷத்துல தற்கொலை எண்ணம் வந்துருக்கு. அவங்கள்ல மனநல உதவி தேடினது 26 சதவீதம் பேர்தான். அறுபது சதவீதம் பேர் உதவி கேக்கவே தயங்கியிருக்காங்க, லைசென்ஸுக்கு பிரச்சனை வருமோன்னு. மத்தவங்க உயிர காப்பாத்துற ஆளுங்க தன் உயிருக்கு ஆபத்துன்னு சொல்ல பயந்துட்டு இருக்காங்க, இத விட வேதனையா எனக்கு எதுவும் படல.

கோச்சிங்குக்கு வர சர்ஜன்கள் தயங்குறது குறைவு, ஏன்னா அதுல நோயாளின்னு முத்திரை விழாது. அதுவே அதோட பெரிய பலம். தையல்நூல், நீங்க சொல்ற அறிகுறிகள வச்சு பாத்தா நீங்க போக வேண்டிய இடம் அதுதான்னு எனக்கும் தோணுது, ஆனா நேர்ல பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன். தூக்கம் கெட ஆரம்பிச்சா காத்திருக்காதீங்க.

இன்னொண்ணு, கோச்னு யார் வேணும்னாலும் போர்டு மாட்டிக்கலாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்போட சான்றிதழ் இருக்கான்னு கேளுங்க, அதுல பிசிசிங்கற நிலைக்கு 500 மணி நேர அனுபவம் காட்டணும். டாக்டர்களோட வேலை பாத்த அனுபவம் இருந்தா இன்னும் நல்லது. கோச் உங்க எச்ஓடிக்கோ மேனேஜ்மென்ட்டுக்கோ என்ன சொல்வார், என்ன சொல்ல மாட்டார்ங்கறத எழுத்துல வாங்குங்க. இது இல்லாம ஒரு வார்த்தை பேசாதீங்க.


தையல்நூல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதினத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வச்சுட்டேன்.

இன்னிக்கு எச்ஆர்கிட்ட நேர்லயே போய் கேட்டேன். கோச்சுக்கு அந்த பிசிசி சான்றிதழ் இருக்காம். மேனேஜ்மென்ட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கங்கற எண்ணிக்கை மட்டும்தான் போகுமாம், பேர் கூட போகாதாம், எழுத்துல கொடுங்கன்னு கேட்டதுக்கு சரின்னுட்டாங்க. ஆனா செஷன ஓபிக்கும் தியேட்டர் லிஸ்ட்டுக்கும் நடுவுல, மத்தியானம், எங்க டிபார்ட்மென்ட் ரூம்லயே வச்சுருக்காங்க. பிஜி தம்பி சொன்னது அப்பதான் உறைச்சுது. அந்த நேரத்துல எவனாவது கதவ தட்டாம இருப்பானா? வேற நேரம் மாத்தி ரோஸ்டர்லயே பிளாக் பண்ணிக் கொடுத்தாதான் வருவேன்னு சொல்லிட்டேன், யோசிச்சு சொல்றோம்னாங்க. எங்க யூனிட்ல இன்னொரு சர்ஜனும் கூட வந்து நின்னார், அவரும் பேர் கொடுக்கணும்னு இருந்துருக்கார், யாரும் முதல்ல போகலையேன்னு சும்மா இருந்தாராம்.

பேர் கொடுத்துட்டேன்.


மயக்க டாக்டர் அக்கா எழுதியது:

ரொம்ப சந்தோஷம் மா. நேரம் மாத்தும்போது ஆன்-கால் முடிஞ்ச மறுநாள் மட்டும் வாங்கிடாதீங்க, கண்ணு சொக்கிட்டு இருக்கும், ஒண்ணும் பேச வராது. ஆஸ்பத்திரிக்கு வெளிய ஒரு இடம், இல்லன்னா வீட்டுல இருந்து வீடியோ கால்ல கேளுங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்க வார்டு ஃபோன அந்த இன்னொரு சர்ஜன்கிட்ட கொடுத்துட்டு போங்க, அவர் போறப்ப அவரோடத நீங்க வாங்கிக்கோங்க.